நூறு வருடம் பழைய துவக்குக்கு இன்றும் ஏன் கிராக்கி?

புதிய மொடல் சந்தைக்கு வந்ததும் பழைய மொடலின் விலை விழுந்துவிடும். கையடக்கத் தொலைபேசி தொடங்கி மோட்டார் சைக்கிள் வரை நாமெல்லோரும் கண்டறிந்த விதி இது. இந்த விதிக்கு அடங்காத ஒரு சாமான் அமெரிக்காவில் உண்டு. 1894ஆம் ஆண்டு வெளிவந்த அதன் வடிவம் இன்றும் பெரிதாக மாறவில்லை. இன்று தயாராகும் புதியதை ஆயிரம் டொலருக்கு மேல் கொடுத்து வாங்குகிறார்கள். அதே வேளை, புதியது வேண்டாம், 1964க்கு முன்னர் செய்ததுதான் வேண்டும் என்று பழைய சாமான் கடைகளையும் ஏலங்களையும் சல்லடை போட்டுத் தேடுகிறவர்களும் நிறையப் பேர். "வின்செஸ்டர் 94" என்பது அதன் பெயர். லீவரைத் தள்ளி இழுத்து இயக்கும் வேட்டைத் துவக்கு.

வியாபாரப் பக்கத்தில் துவக்குக்கு என்ன வேலை என்று வாசகர்கள் நினைக்கலாம். யுத்தத்தைக் கண்ணால் கண்ட நாட்டில் அந்தச் சொல்லே சிலருக்குக் கசக்கும். அதில் நியாயமும் உண்டு. அமெரிக்காவில் துவக்கு படுத்தும் பாட்டையும் செய்திகளில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நாம் இங்கே பார்க்கப்போவது ஒரு பொருளின் பெயரைப் பற்றி. வாடிக்கையாளர் மனதில் அந்தப் பெயர் எப்படி உண்டாகிறது, அதை உற்பத்தியாளரே எப்படிக் கெடுத்துக்கொள்கிறார், கெட்ட பெயரை மீட்க எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பவற்றுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம். விசையைச் சுற்றி விரல்கள் நுழையும்படி ஓர் இரும்பு வளையம் இருக்கும். அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளி மீண்டும் மேலே இழுத்தால், வெற்றுக் கோது வெளியே விழும், புதிய ரவை குழலுக்குள் ஏறும், சுத்தியல் பின்வாங்கி நிற்கும். ஒரே கையசைவில் மூன்று வேலை. ரவைகள் குழலுக்குக் கீழே உள்ள இன்னொரு மெல்லிய குழாயில் ஒன்றின் பின் ஒன்றாக வரிசையில் கிடக்கும். பின்னால் கிடக்கும் ரவையின் மூக்கு முன்னால் கிடக்கும் ரவையின் அடியில் முட்டிக்கொண்டிருப்பதால் கூர்மூக்கு ரவை போடுவது ஆபத்து, அதிர்ச்சியில் உள்ளேயே வெடித்துவிடலாம். எனவே மொட்டை மூக்கு ரவைதான் வழக்கம். அது நெடுந்தூரம் போகப் போக வேகம் இழக்கும். 150, 200 யாருக்கு அப்பால் இந்தத் துவக்கினால் பிரயோசனம் குறைவு. வெறும் தொழில்நுட்பக் கணக்கில் பார்த்தால், இராணுவங்கள் கையில் எடுத்த போல்ட் துவக்கு இதை முதலாம் உலக யுத்தத்தோடு தோற்கடித்துவிட்டது. அந்த யுத்தத்தில் போல்ட் பிடித்துப் பழகிய சிப்பாய்கள் வீடு திரும்பி வேட்டைக்கும் அதையே வாங்கினார்கள். அப்படியிருந்தும் லீவர் துவக்கு அழியவில்லை.

இதன் பிறப்பில் துணி வியாபாரிகள் பெருமைப்பட இடமுண்டு. ஒலிவர் வின்செஸ்டர் துவக்குச் செய்யத் தெரிந்தவரல்ல. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹெவன் நகரில் ஆண்களின் சட்டை தைத்து விற்றவர். சட்டையில் உழைத்த பணத்தை 1850களில் நொடித்துக்கொண்டிருந்த ஒரு துவக்குக் கம்பனியில் போட்டார். அவரிடம் வேலை செய்த பெஞ்சமின் டைலர் ஹென்றி, 16 ரவை வரை அடங்கும் லீவர் துவக்கு ஒன்றை உருவாக்கி 1860இல் காப்புரிமை பெற்றார். அதில் ஏறத்தாழ 14,000தான் செய்யப்பட்டன. பின்னர் முதலாளிக்கும் ஹென்றிக்கும் பிணக்கு வந்து, 1866இல் வின்செஸ்டர் தன் பெயரிலேயே கம்பனியை அமைத்துக்கொண்டார். பக்கவாட்டில் சின்னக் கதவு வழியாக ரவை போடும் திருத்திய மொடல் அந்த வருடமே வந்தது. அதன் உடற்பகுதி மஞ்சளாக மின்னியதால் "மஞ்சள் பையன்" என்று பட்டப்பெயர்.

அந்த மஞ்சள் பையனுக்குக் கிடைத்த பெரிய ஓடர் எங்கிருந்து வந்தது தெரியுமா? உஸ்மானியப் பேரரசிடமிருந்து. 1870, 1871ஆம் ஆண்டுகளில் இஸ்தான்பூல் 50,000 துவக்குகளைக் கொள்வனவு செய்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து, அங்குள்ள ஆயுதக் கம்பனிகள் ஓடர் இல்லாமல் தவித்த காலம் அது. 1877இல், இன்று பல்கேரியாவில் இருக்கும் பிளெவ்னாவில், காஸி உஸ்மான் பாஷாவின் படை ரஷ்யர்களை ஜூலை முதல் டிசம்பர் வரை மறித்து நின்றது. தூரத்துக்கு பீபடி-மார்ட்டினித் துவக்கையும், எதிரி கிட்ட நெருங்கியதும் வின்செஸ்டரையும் துருக்கியர் பயன்படுத்தியதாக எழுதியிருக்கிறார்கள். பிளெவ்னா இறுதியில் வீழ்ந்ததுதான். ஆனால் அங்கு அடிபட்ட ரஷ்யாவே முதலாம் உலக யுத்தத்தின்போது அதே கம்பனியிடம் வந்து 1895 மொடல் லீவர் துவக்கில் ஏறத்தாழ 3 இலட்சம் வாங்கியது. தன்னை அடித்த கோலின் விலையை விசாரிப்பதில் ரஷ்யர்கள் வெட்கப்படவில்லை.

கம்பனியின் உண்மையான அதிர்ஷ்டம் ஜோன் மோசஸ் பிரவுனிங் என்ற யூட்டா மாநிலத்துக்காரர். ஒக்டன் என்ற சிறு நகரில் தகப்பனின் பட்டறையில் வளர்ந்தவர். 1883இல் வின்செஸ்டரின் மருமகன் பெனெட் அவரைத் தேடிப்போய் ஒரு வடிவமைப்பின் உரிமையை 8,000 டொலருக்கு வாங்கினார். அதன் பின் 1886, 1892, 1894, 1895 என்று வந்த லீவர் மொடல்கள் எல்லாம் பிரவுனிங்கின் மூளையில் உதித்தவை. 1892 மொடலைப் பற்றி அவரது குடும்பத்தார் சொல்லும் பேரம் ஒன்று உண்டு. மூன்று மாதத்தில் தந்தால் 10,000, இரண்டு மாதத்தில் தந்தால் 15,000 என்றாராம் பெனெட். பிரவுனிங், "முப்பது நாளில் தருகிறேன், 20,000 தாருங்கள், பிந்தினால் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற தோரணையில் பதில் சொன்னாராம். சொன்ன தவணைக்குள் கொடுத்தும் விட்டார்.

இவ்வளவு நல்ல உறவு 1902இல் முறிந்தது. தானியங்கி வேட்டைத் துவக்கு ஒன்றுக்கு, ஒரே தடவையில் கொடுக்கும் தொகை போதாது, விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு வேண்டும் என்று பிரவுனிங் கேட்டார். கம்பனி மறுத்தது. அவர் பெல்ஜியத்தின் எப்.என். கம்பனிக்குப் போய்விட்டார். இந்த எப்.என். என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1894 மொடலுக்கு வருவோம். அடுத்த வருடமே அது "30-30" எனப்படும் ரவைக்கு ஏற்றதாக வெளிவந்தது. பழைய கருமருந்துக்குப் பதிலாகப் புகையற்ற மருந்து அடைத்த, மான் வேட்டைக்கு அளவான ரவை. துவக்கின் நிறை ஏழு இறாத்தலுக்கும் குறைவு. தட்டையான உடம்பு. குதிரைச் சேணத்து உறைக்குள்ளும் பின்னாளில் வண்டி ஆசனத்தின் பின்னாலும் இடைஞ்சல் இல்லாமல் கிடக்கும். ஒரு கையால் நடுவில் பிடித்தால் சமநிலையாக நிற்கும். வலக்கையரும் இடக்கையரும் ஒரேமாதிரிப் பாவிக்கலாம். மெயின், மிச்சிகன், பென்சில்வேனியா போன்ற இடங்களின் அடர்ந்த காட்டில் மான் தென்படுவதே ஐம்பது, எண்பது யாரில்தான். அந்தத் தூரத்துக்கு 500 யார் போகும் துவக்கு எதற்கு? ஆகவே, "பின்தங்கிய" தொழில்நுட்பம் என்று நிபுணர்கள் சொன்னது, அந்தக் காட்டு மனிதனின் வேலைக்கு மிகச் சரியாகப் பொருந்தியது. 2006ஆம் ஆண்டு வரை 70 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. ஒரே மொடல்.

பென்சில்வேனியாவின் கிராமப்புறங்களில் மான் வேட்டைப் பருவம் ஆரம்பிக்கும் நாளில் பாடசாலைக்கே லீவு விடும் வழக்கம் இருந்தது. பனிக்காலத்துக்கு இறைச்சி சேமிக்கும் வேலை அது. (நம் மார்க்கத்திலும் உண்பதற்காக, அல்லாஹ்வின் பெயர் சொல்லி வேட்டையாடுவது ஆகுமானது. உயிருள்ள பிராணியை வெறும் குறிபார்க்கும் இலக்காக வைப்பதைத்தான் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள்.) அப்படிப்பட்ட வீடுகளில் ஒரு பையனுக்கு வயது வந்ததும் கையில் கிடைப்பது பாட்டனின் 30-30. பிடிமரத்தில் பாட்டனின் கை பட்டு மெருகு தேய்ந்த இடமும், குழலில் நீலம் போய் வெள்ளி தெரியும் இடமும் அவனுக்குத் தெரியும். நம் வீடுகளில் உம்மாமாரின் சிங்கர் தையல் மெசினை நினைத்துப் பாருங்கள். மின்சார மெசின் வந்த பிறகும் அதை விற்க மனம் வராததற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல. எண்ணெய் விட்டால் இன்றும் அது தைக்கிறது.

சினிமாவும் உதவியது, அதை மறைக்கத் தேவையில்லை. 1950இல் வந்த "வின்செஸ்டர் '73" படம் ஒரு துவக்கையே கதாநாயகனாக்கியது. 1958 முதல் 1963 வரை ஓடிய "த ரைபிள்மேன்" தொலைக்காட்சித் தொடரில் 1880களின் கதைக்கு 1892 மொடல் துவக்கைக் கொடுத்திருந்தார்கள், யாரும் கவலைப்படவில்லை. "மேற்கை வென்ற துவக்கு" என்பது கம்பனி முதலாம் உலக யுத்தத்துக்குப் பிறகு கண்டுபிடித்த விளம்பர வாசகம். வென்றது யாரிடமிருந்து என்று அந்த வாசகம் சொல்வதில்லை. 1876இல் லிட்டில் பிக்ஹோர்னில் கஸ்டரின் குதிரைப் படை ஒற்றை ரவைத் துவக்குகளோடு அழிந்தபோது, எதிரே நின்ற பூர்வகுடிகள் சிலரின் கைகளில் இருந்தவை ஹென்றியும் வின்செஸ்டரும்தான். அதை எந்த விளம்பரத்திலும் போடவில்லை.

இனி முக்கியமான இடம். 1960களின் தொடக்கத்தில் கம்பனிக்குக் கணக்கு உதைத்தது. உருக்கை அடித்து, கடைந்து, அராவி, ஒவ்வொரு துண்டாகப் பொருத்தும் பழைய முறைக்குக் கூலி ஏறிக்கொண்டே போனது. போட்டிக் கம்பனிகளோ மலிவாகச் செய்யக்கூடிய வடிவங்களைச் சந்தைக்கு விட்டிருந்தன. 1964இல் வின்செஸ்டர் செலவைக் குறைத்தது. ரவையைத் தூக்கிக் கொடுக்கும் துண்டு, கடைந்த உருக்குக்குப் பதில் தகட்டில் அச்சடித்து வந்தது. திண்ம ஆணிகளின் இடத்தில் சுருட்டிய தகட்டு ஆணிகள். உடற்பகுதியின் உலோகத்தையும் மாற்றினார்கள். அதில் பழைய நீலக்கறுப்பு மெருகு சரியாகப் பிடிக்கவில்லை.

துவக்கு சுட்டது. மானும் விழுந்தது. கணக்குப் புத்தகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் லீவரை இழுத்தவனுக்குக் கேட்ட சத்தம் வேறு. பழையது சாவி பூட்டில் திரும்புவது போல் ஒலிக்கும், புதியது தகரம் போல் கடகடத்தது. எந்த நிபுணரும் சொல்லிக்கொடுக்காமல் சந்தை தானாகவே ஒரு கோடு கிழித்தது. "64க்கு முந்தியது", "64க்குப் பிந்தியது". இன்றைக்கும் பழைய துவக்கு விற்கும் எந்த விளம்பரத்திலும் இந்த வார்த்தைதான் முதலில் வரும், விலையும் அதைப் பொறுத்தே மாறும். கம்பனி பின்னர் பல திருத்தங்கள் செய்தது. 1980களில் வந்தவை நல்ல சாமான் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கோடு அழியவில்லை.

செலவைக் குறைத்ததைக் குற்றமென்று நான் சொல்லமாட்டேன். கூலி ஏறினால் எந்த முதலாளியும் அதைத்தான் யோசிப்பான். குறைத்த இடம்தான் பிழை. வாடிக்கையாளனின் கண்ணும் காதும் கையும் தினமும் படும் இடத்தில் குறைத்தார்கள். உறையின் அச்சையும் பெட்டியையும் அலுவலகச் செலவையும் குறைத்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

பிறகு நடந்தது இறக்கம். 1981இல் நியூ ஹெவன் தொழிற்சாலை அங்கு வேலை செய்தவர்கள் சேர்ந்த ஒரு புதிய கம்பனிக்கு விற்கப்பட்டது. அது 1986இல் வங்குரோத்தானது. அதை இறுதியில் கையேற்றது யார்? பெல்ஜியத்தின் எப்.என். பங்கு தர மறுத்ததால் 1902இல் பிரவுனிங் எந்தக் கதவைத் தட்டினாரோ, அந்த வீட்டுக்காரரே வின்செஸ்டர் துவக்குத் தொழிற்சாலைக்கு முதலாளியானார். 2006 மார்ச்சில் தொழிற்சாலை மூடப்பட்டது. உலக யுத்த காலத்தில் பல்லாயிரம் பேர் வேலை செய்த இடத்தில் கடைசியாக மிஞ்சியிருந்தவர்கள் ஏறத்தாழ 200 பேர். மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், அதுவரை ஏளனமாகப் பேசப்பட்ட 64க்குப் பிந்திய துவக்குகளுக்கும் விலை ஏறியது வேறு கதை. 2010 முதல் ஜப்பானின் மிரோகு கம்பனி அதே பெயரில் 94 மொடலைச் செய்கிறது. வேலைப்பாடு மிக நேர்த்தி என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்டுவிட்டு, "ஆனாலும் ஜப்பான்" என்று இழுக்கிறார்கள்.

ஒரு கம்பனி பட்டது இன்னொரு கம்பனிக்குப் பாடமாகவில்லை. மார்லின் என்பது வின்செஸ்டரின் பழைய போட்டியாளர். 1870இல் அதே நியூ ஹெவனில் தொடங்கியது. அதன் 336 மொடல் 1948இல் வந்தது. வெற்றுக் கோது பக்கவாட்டில் விழுவதால் மேலே தூரநோக்கி பொருத்த வசதி. வின்செஸ்டர் தடுமாறியபோதெல்லாம் பயனடைந்தது மார்லின்தான். 2007இல் அதை ரெமிங்டன் குழுமம் வாங்கியது. 2011 அளவில் பழைய தொழிற்சாலையை மூடி, இயந்திரங்களை நியூயோர்க் மாநிலத்துக்குக் கொண்டுபோனது. இயந்திரங்களைக் கொண்டுபோனார்கள், அந்தத் தேய்ந்த இயந்திரங்களின் குணம் தெரிந்த கைகளைக் கொண்டுபோகவில்லை. வந்த சாமானில் குறிபார்க்கும் முள் கோணல், மரத்துக்கும் இரும்புக்கும் இடையே இடைவெளி. வாடிக்கையாளர்கள் இரண்டு பெயரையும் சேர்த்து "ரெம்லின்" என்று கேலிப்பெயர் வைத்தார்கள். பழைய மார்லினின் குழலில் ஜே.எம். என்ற இரண்டு எழுத்து முத்திரை இருக்கும். அதுவரை யாரும் கவனிக்காத அந்த முத்திரைக்கு ஒரே இரவில் விலை வந்தது. கடைக்குப் போகிறவர் துவக்கைப் பார்ப்பதற்கு முன் முத்திரையைப் பார்க்கத் தொடங்கினார்.

ரெமிங்டன் 2018இல் ஒரு தடவையும் 2020இல் இன்னொரு தடவையும் வங்குரோத்து மனு கொடுத்தது. இரண்டாவது தடவை ஏலத்தில் மார்லினை ரூகர் கம்பனி ஏறத்தாழ 30 மில்லியன் டொலருக்கு எடுத்தது. எடுத்த கையோடு சாமானை விற்கவில்லை. வட கரோலினாவில் இயந்திரங்களை அமைத்து, வடிவங்களை மீண்டும் அளந்து, ஒரு வருடத்துக்கு மேல் கடந்து 2021 டிசம்பரில்தான் முதலாவது மார்லினை அனுப்பியது. பழைய 336 மொடல் மீண்டும் வர 2023 ஆனது. பணம் முடங்கிக் கிடக்கும்போது இவ்வளவு பொறுப்பது எவ்வளவு கடினம் என்று வியாபாரம் செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். இப்போது ரூகர் செய்யும் மார்லினின் தொடரிலக்கத்துக்கு முன்னால் ஆர்.எம். என்று இருக்கும். வாங்குகிறவர்கள் அதையும் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

பழைய துவக்குகளின் சந்தையில் என்னை அதிகம் கவர்ந்தது பேரேடு. வின்செஸ்டரின் ஆரம்பகாலத் தொழிற்சாலைப் பதிவேடுகள் வயோமிங் மாநிலத்தின் கோடி என்ற ஊரில் உள்ள நூதனசாலையில் பத்திரமாக இருக்கின்றன. தொடரிலக்கத்தைச் சொல்லிக் கட்டணம் கட்டினால், அந்தத் துவக்கு எந்தத் திகதியில் களஞ்சியத்தை விட்டுப் போனது, குழல் வட்டமா எட்டுப் பட்டையா, என்ன ரவை என்று கடிதம் தருவார்கள். அந்த ஒரு கடிதத்தால் விலை கணிசமாக ஏறும். யார் கையில் இருந்தது என்பதற்கும் அத்தாட்சி இருந்தால் கேட்கவே வேண்டாம். 1886 மொடலின் முதலாம் இலக்கத் துவக்கு, ஜெரோனிமோவைத் துரத்திய படையின் கப்டன் லோட்டனுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது, 2016இல் ஏலத்தில் 12 இலட்சத்து 65 ஆயிரம் டொலருக்குப் போனது. நூற்று முப்பது வருடத்துக்கு முன் களஞ்சியத்தில் ஒரு எழுதுவினைஞர் சலிப்போடு எழுதிய வரிக்கு இன்று இவ்வளவு பெறுமதி.

2014 நவம்பரில் நெவாடா மாநிலத்தின் கிரேட் பேசின் தேசிய பூங்காவில் ஊழியர்கள் ஒரு ஜூனிபர் மரத்தில் சாய்த்து வைத்திருந்த 1873 மொடல் வின்செஸ்டரைக் கண்டெடுத்தார்கள். பிடிமரம் வெடித்து வெளுத்து, அடிப்பாகம் மண்ணில் புதைந்து, மரத்தின் நிறமாகவே மாறியிருந்தது. இலக்கத்தைக் கோடிக்கு அனுப்பிப் பார்த்ததில் அது 1882இல் செய்தது என்று தெரிந்தது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 25,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். 1873இல் 50 டொலர் விற்ற சாமான் 1882இல் 25 டொலராக இறங்கி, சாதாரண மனிதன் கைக்கும் எட்டிய காலம். பிடிமரத்தின் உள்ளே ஒரு ரவை அப்படியே இருந்தது. நூதனசாலையில் அதைப் புதிதாக்காமல், மேலும் உதிராதபடி மட்டும் பாதுகாத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். யார் வாங்கினார், எந்த ஊருக்குப் போனது என்று பதிவேட்டில் இல்லை. சாய்த்து வைத்துவிட்டுப் போனவர் ஏன் திரும்பி வரவில்லை என்பதும் தெரியாது.